மூன்றாம் ரோல், மறு ஸ்கேன்

திரு. லிம் சூன் ஹெங் அவர்களுக்கு,
பகாவிலிருந்து அதே டப்பா,
இரண்டாம் முறை.
மூடியைச் சுற்றிய டேப்பில் பல் தடம் இருக்கும்.
கத்தரிக்கோல் அகப்படவில்லை.

முதலில் என் தவறுகள்.
ரோலை மீன்கடை ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன்.
வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது,
மூன்று மணிநேரமாவது டப்பா
ஊர்ச் சூட்டுக்கு வர வேண்டும்.
தெரியும்.
ஒட்டுப்பால் வாங்கும் லோரிக்குத் தெரியாதே,
ஏழு மணிக்கே வந்து நின்றது.
முதல் பன்னிரண்டு அடியில்
அங்கங்கே மங்கல்: பிலிமுக்கு வியர்த்திருக்கிறது.
இருக்கட்டும்.

இடது கீழ் மூலையில் ஒரு முடி.
கேமராவின் கேட்டை ஊதாமல்
அடுத்த ஷாட்டுக்கு ஓடியதன் கூலி.
அதுவும் இருக்கட்டும்.

கடைக்குள் குழல் விளக்கு.
அது துடிக்கும் கணக்குக்கு ஒத்துப்போக
நொடிக்கு இருபத்தைந்து படம் ஓட்டினேன்.
கோப்பையும் இருபத்தைந்திலேயே தாருங்கள்.
இருபத்து நான்கு ஆக்கினால்
கூடை சற்று மெதுவாக ஏறும்,
மெதுவானதை யாரும் நம்பமாட்டார்கள்.

ஒளியை ஜெகதாம்பாளின் முகத்துக்கு அளந்தேன்.
ரப்பர் மர நிழலில் நின்ற கறுத்த முகம்.
தராசின் வட்டத்தட்டோ வெயிலில், வெள்ளை எனாமல்.
இரண்டையும் ஒரே துளையில் பிடிக்க முடியாது,
நான் முகத்தைப் பிடித்தேன்.
ஆகவே நெகட்டிவில் தட்டு இருண்டு தடித்திருக்கும்.
உங்கள் விளக்கைக் கூட்டி இன்னொரு முறை ஓட்டினால்
உள்ளே இருப்பது வரும்.
முகத்தை மட்டும் வெளுக்க வேண்டாம்.
போன தடவை அவள் கேட்டாள்,
"இது யாரு, என் தங்கச்சியா?"

இனி விஷயம்.

பதினான்காம் தேதி
அளவை அதிகாரியின் மேசைமேல் மடிக்கணினியை வைத்தோம்.
ஏழு பெண்கள், ஒரு மின்விசிறி,
தவுக்கேயின் மகன் சுவரில் சாய்ந்தபடி.
கொக்கி தெரிந்தது.
எண்கள் தெரிந்தன.
வெறும் கொக்கி ஆடும்போது
சுழியை விட்டு நூலளவு இடப்பக்கம்
நிற்க வேண்டிய முள்
இல்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"இதில் முள்ளே காணோமே, அம்மா."
மகன் சிரித்தான்.
"முள்ளில்லாத தராசுலயா
இத்தன வருசம் காசு எண்ணிக் கொடுத்தீங்க?"
என்றாள் பாக்கியத்தம்மா.
அவன் சிரிப்பு பாதியில் நின்றது.
வழக்கும்தான்.

இரவெல்லாம் யோசித்துப் பிடித்தேன்.
வெள்ளைத் தட்டில் கறுத்த முள்
நெகட்டிவில் என்ன ஆகும்?
ஒளி ஊடுருவும் மெல்லிய கோடு.
கிட்டத்தட்ட நெட்டுக்குத்து.
மருந்துப் பக்கம் நகம் பட்ட கீறலும்
அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்.
உங்கள் இயந்திரத்தில்
கீறல் துடைக்கும் பொத்தான் எரிந்திருக்கிறது.
அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.
உங்கள்மேல் கோபமில்லை
(இரண்டு நாள் இருந்தது).

எனவே இம்முறை:
கீறல் துடைப்பு, தூசி துடைப்பு, இரண்டும் வேண்டாம்.
அகச்சிவப்பும் வேண்டாம்,
இது கறுப்பு வெள்ளை,
வெள்ளியையே தூசி என்று எண்ணிவிடும்.
கூர்மை கூட்ட வேண்டாம்.
கூட்டினால் "நீங்களே வரைந்தது" என்பான்.
துளை விளிம்பு தெரிய
முழு அகலமும் எடுங்கள்,
வெட்டவில்லை ஒட்டவில்லை என்பதற்கு
அந்தத் துளைகள்தான் சாட்சி.
உண்மையான கீறலும் வரும், வரட்டும்.
கீறல் வட்டத்தட்டைத் தாண்டி
சட்டத்தின் மேலும் கீழும் ஓடும்,
முள் தட்டோடு நிற்கும்.
பார்க்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார்.

பணம் பாதிதான் அனுப்பியிருக்கிறேன்.
மீதியை ஏழு பேரும் சேர்க்கிறார்கள்,
அடுத்த எடைக்குப் பிறகு.

இன்னொன்று.
ரோலின் கடைசி நாற்பது அடியில் மழை.
சுத்தம் செய்த கோப்பில்
ஒரு சொட்டுகூட இல்லை.
காய்ந்த முற்றத்தில் ஜெகதாம்பாள்
குடை பிடித்து, சேலையைத் தூக்கிக்கொண்டு,
இல்லாத தண்ணீரைத் தாண்டுகிறாள்.